வால் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

நரிக்குட்டி அப்பா:
மகளுக்கு 13 வயது. நேற்று அவள் அறைக்குள் போனால், அட்டையை வெட்டி நரி முகமூடி செய்துகொண்டிருக்கிறாள். என்னம்மா இது என்றால் "நான் தேரியன்ப்பா" என்கிறாள், உள்ளுக்குள் தான் ஒரு நரியாம். போனைப் பார்த்தால் வால் கட்டிக்கொண்டு நாலு காலில் தாவும் பிள்ளைகளின் வீடியோ வரிசையாக ஓடுகிறது, அதற்குக் குவாட்ரோபிக்ஸ் என்று பெயர் வேறு. விளையாட்டு என்று விட்டுவிடுவதா, டாக்டரிடம் போவதா?

பழைய எமோ:
விடுங்கள் சார். 2007இல் எமோ என்ற சோகப் பாட்டு ரசிகர் கூட்டத்தில் சேர்ந்து, ஒரு கண்ணை மறைக்கிற மாதிரி முடி வளர்த்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று அம்மா அழுதார். இப்போது வங்கியில் கடன் மனு பார்க்கிறேன், கண்ணை மறைக்கத் தலையில் முடியும் இல்லை. 1954இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதென்று அமெரிக்க செனட்டில் விசாரணையே நடத்தினார்கள். தேரியனும் நேற்று முளைத்ததில்லை, 1990களில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதப் பலகையில், ஓநாய் மனிதர் கதை பேசும் குழு ஒன்றில் தொடங்கியது. அன்றைக்கு அதில் எழுதியவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம்.

தூங்காத அம்மா:
நீங்கள் தப்பித்தீர்கள் என்பதற்காக எல்லோரும் தப்பித்துவிடுவார்களா தம்பி? 2014இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் 12 வயதுச் சிறுமிகள் இரண்டு பேர், ஸ்லெண்டர்மேன் என்ற இணையப் பேயை நம்பி, கூடப் படித்த பிள்ளையை 19 இடத்தில் குத்தினார்கள். நல்லவேளை பிழைத்துக்கொண்டாள். உங்கள் காலத்து எமோவுக்கு முடி வெட்டினால் முடிந்தது. இப்போது ராத்திரி 2 மணிக்கும் போர்வைக்குள் போன் வழியாக அந்தக் கூட்டம் கூடவே படுத்திருக்கிறது.

பழைய எமோ:
அக்கா, அந்த வழக்கில் ஒரு சிறுமிக்கு மனச்சிதைவு நோய் இருந்தது, யாரும் நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை. அதே படத்தைப் பார்த்த மற்ற பிள்ளைகள் பயந்து சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். 2019இல் மோமோ சேலஞ்ச் என்று, ஒரு பயங்கர முகம் போனில் வந்து பிள்ளைகளைத் தங்களையே காயப்படுத்தச் சொல்கிறது என்று பீதி பரவியதே, அந்த முகம் ஜப்பானியக் கலைஞர் ஒருவர் செய்த சிற்பம். அதனால் பிள்ளைகள் செத்தார்கள் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை, அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது பெற்றோரின் வாட்ஸ்அப்தான்.

தூங்காத அம்மா:
மோமோ பொய் என்பதால் எல்லாம் பொய்யாகிவிடுமா? 764 என்ற இணையக் கும்பலைப் பற்றி 2023 செப்டம்பரில் எஃப்பிஐயே எச்சரித்தது. 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பிடித்து, நயமாகப் பேசிப் படம் வாங்கி, அதை வைத்தே மிரட்டி, உடம்பைக் கீறச் சொல்லி வீடியோ எடுக்கவைக்கிறார்கள். தனியாகத் தவிக்கிற பிள்ளையாகப் பார்த்துத்தான் தூண்டில் போடுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளை எங்கே போகும்? உங்கள் வால், முகமூடிக் குழுக்களுக்குத்தானே?

சாக்பீஸ்:
இரண்டு பேரும் சண்டை போடுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பெண் பையில் வால் தொங்கவிட்டு வருவாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தோம், வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம், அத்தனை கண்ணும் அவள் மேல்தான். அதே வரிசையில் ஒரு பையன், சாதாரணத் தலைமுடி, நல்ல மார்க், எந்தக் கூட்டத்திலும் இல்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. முகம் தெரியாத ஒருவன் கேம் சாட்டில் பிடித்து அவனை மாதக்கணக்கில் மிரட்டியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வால்காரிதான் எங்களிடம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து நான் உடையைப் பார்ப்பதில்லை. தூக்கம் கெடுகிறதா, போனைக் கவிழ்த்து வைக்கிறதா, "வீட்டில் சொல்லாதே" என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

தூங்காத அம்மா:
சரி டீச்சர், ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் முதலில் கவலைப்படத்தானே வேண்டும்? கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு ஒத்துவராது.

நரிக்குட்டி அப்பா:
ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீசைக்குத் துடைப்பக் குச்சி ஒட்டிக் கொடுத்தேன். மூக்கு நரி மாதிரி இல்லை, நாய் மாதிரி இருக்கிறது என்று திட்டு வாங்கினேன். அவளாகவே குழுவைத் திறந்து காட்டினாள், பாதிப் பேச்சு வால் தைப்பது எப்படி என்பதுதான். ஒரே ஒருவர் மட்டும் வயதைச் சொல்லாமல் "தனியாகப் பேசலாம் வா" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறார். யாரம்மா இது என்றால் பேச்சை மாற்றுகிறாள். முகமூடிக்கு எலாஸ்டிக் வேண்டுமாம், மாலையில் கூட்டிக்கொண்டு போகிறேன், வழியில் மறுபடி கேட்டுப்பார்க்க வேண்டும்.