மே 17, 1964: அரிசிப் பானைக்குள் இருந்த பணம்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்:

கண்ணால் கண்ட சரித்திரத்தை எழுதுங்கள் என்று கேட்டதற்கு, அண்ணாவின் இறுதி ஊர்வலத்தை எந்த மரத்தில் ஏறிப் பார்த்தோம் என்று ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். 1969இல் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். முன்னால் நின்றவரின் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நான் கண்ணால் கண்ட சரித்திரம் பர்மாவில், ரங்கூனில், எங்கள் வீட்டு ரேடியோவுக்கு முன்னால் நடந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று அறிவித்தார்கள். ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதே 1964 மார்ச்சில்தான் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அப்பாவின் மளிகைக் கடையில் யாரோ ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரிடமே பருப்புக் கணக்கு கேட்டார். மிச்சமிருந்தது அரிசிப் பானைக்குள் இருந்த பணம் ஒன்றுதான்.

அம்மா பானையைக் கவிழ்த்தாள். அப்பா நோட்டுகளில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு எண்ணினார், கட்டினார், அவிழ்த்து மறுபடியும் எண்ணினார். செல்லாத பணத்தை எதற்கு எண்ணுகிறார் என்று எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. அவர் அழவும் இல்லை. பத்தே நாளில் அதே ரேடியோவில் நேரு இறந்த செய்தி வந்தது. அதற்குத்தான் அழுதார். இரண்டுக்கும் சேர்த்து அழுதாரோ என்னவோ.

மறுவருடம் கப்பல் ஏறினோம். சோதனையில் அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். சென்னையை நெருங்கிய இரவில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. கோயில் விளக்கு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது ஹைகோர்ட் கோபுரத்து விளக்கு. கலங்கரை விளக்கம் அப்போது அங்கேதான் இருந்தது; மெரினாவுக்குப் போனது 1977இல்.

ராயபுரத்திலிருந்து ஒருவர்:

ஐயா, துறைமுக வாசலில் உங்களை வேடிக்கை பார்த்த பையன்களில் நானும் ஒருவன். உங்கள் பெண்கள் முகத்தில் ஏதோ மஞ்சளாகப் பூசியிருந்தார்கள். அம்மை கண்டவர்கள் என்று நினைத்துத் தள்ளி ஓடினோம். அது ‘தனக்கா’ என்கிற பர்மியப் பூச்சு, மரப்பட்டையை அரைத்துப் பூசுவது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ சாப்பிடப் பழகியிருந்தேன். நூடுல்ஸ், முட்டைக்கோசு, புளிக்கரைசல், பொரித்த வெங்காயம் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கரண்டியால் கிளறிக் கொடுத்தால் எனக்கு இறங்காது.

அது இருக்கட்டும். அம்மா மறுபடி தோடு போட்டது எப்போது?

வியாசர்பாடியிலிருந்து:

அப்பா பர்மா பஜாரில் நடைபாதைக் கடை போட்ட பிறகு. தங்கமில்லை, கவரிங். விற்காமல் நின்றுபோன ஜோடி.