ஃபார்மட் பண்ணியும் விளம்பரம் திரும்ப வருது, உதவி தேவை (அவசரம்)

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 9:12

வணக்கம். வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ். கூகுள்ல எதைத் தேடினாலும் வேற ஏதோ பேர் தெரியாத தேடல் பக்கத்துக்குத் தாவிடுது. அங்க மேல இருக்கறது அத்தனையும் விளம்பரம். போதாக்குறைக்குக் கீழ வலது மூலைல "உங்கள் கணினியில் 5 வைரஸ்"னு சிவப்புப் பெட்டி, மூடமூட அடுத்தது வருது. ஆன்டிவைரஸ் ஓட்டியாச்சு, ஒண்ணுமே இல்லைங்குது. போன வாரம் முழுசா ஃபார்மட்டும் பண்ணியாச்சு. ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுச்சு. திங்கக்கிழமை காலைல ஒரு ரிப்போர்ட் அனுப்பியாகணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நிலாமுற்றம் | சனி, இரவு 9:20

எந்த விண்டோஸ்? எந்த பிரவுசர்? ஆன்டிவைரஸ் எது? ஃபார்மட்னு சொல்றது செட்டிங்ஸ்ல இருக்கற ரீசெட்டா, பென்டிரைவ்ல இருந்து புதுசா போட்டதா? ரீசெட்னா "ஃபைல்களை வச்சுக்கோ"ன்னு கொடுத்தீங்களா?

டக்டக் | சனி, இரவு 9:24

விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க. முடிஞ்சது கதை.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 9:31

விண்டோஸ்தான், வேற என்ன. பிரவுசர் எல்லாரும் வச்சிருக்கறதுதான். போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன் பாருங்க.

நிலாமுற்றம் | சனி, இரவு 9:37

பார்த்தேன். ஸ்கிரீன்ல ஃபிளாஷ் வெளிச்சமும் உங்க கட்டைவிரலும் தெரியுது. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூணையும் சேர்த்து அழுத்தினா ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். "எல்லாரும் வச்சிருக்கறது"ன்னா குரோமா? எட்ஜும் எல்லார்கிட்டயும் இருக்கு.

மூன்றாம்சுழி | சனி, இரவு 9:48

ஃபார்மட் பண்ணியும் வருதுன்னா அது கம்ப்யூட்டர்லயே இல்லைன்னு அர்த்தம். ரவுட்டர். டிஎன்எஸ் (வெப்சைட் பேரைக் கொடுத்தா அதோட முகவரியைத் தேடிக் கொடுக்கற சர்வர்) முகவரியை மாத்தியிருப்பான். நீங்க ஒரு பேர் அடிக்க, அவன் சர்வர் வேற முகவரியைக் கொடுக்கும். டிஎன்எஸ்சேஞ்சர்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2011 நவம்பர்ல எஃப்பிஐ அதைப் பரப்பின கும்பலைப் பிடிச்சப்போ கிட்டத்தட்ட 40 லட்சம் கம்ப்யூட்டர் மாட்டியிருந்துச்சுன்னு சொன்னாங்க. உடனே சர்வரை நிறுத்தினா அத்தனை பேருக்கும் நெட் போயிடும்னு, மாற்று சர்வர் வச்சு 2012 ஜூலை 9 வரைக்கும் ஓட்டினாங்க. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் பண்ணி அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. நூத்துக்கு நூறு இதுதான்.

அம்மாஞ்சி | சனி, இரவு 9:55

அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சிவப்புப் பெட்டியை யாராவது கிளிக் பண்ணி, "புதுப்பிக்கவும்"னு வர்ற பக்கத்துல கார்டு நம்பர் ஏதாவது கொடுத்தீங்களா? வீட்ல வேற யார் யாரெல்லாம் இந்த கம்ப்யூட்டரைத் தொடறாங்க? முதல்ல இதைச் சொல்லுங்க.

பழையஃப்ளாப்பி | சனி, இரவு 10:05

இந்தப் பகுதியின் மேலேயே "கேள்வி கேட்கும் முன்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பது பல வருடங்களாக எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வியே தவறு. இது வைரஸ் அல்ல. தன்னைத் தானே பிரதி எடுத்து மற்ற நிரல்களில் ஒட்டிக்கொள்வதுதான் வைரஸ். உங்களிடம் இருப்பது ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டுவதற்கென்றே உள்ள நிரல். அது திருட்டுத்தனமாக நுழையவில்லை. ஏதோ இலவச மென்பொருளை நிறுவும்போது "அடுத்து, அடுத்து, சம்மதம்" என்று நீங்களே கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுமதித்த ஒன்றை ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கப்போகிறது? விண்டோஸ் டிஃபெண்டரில் "தேவையற்ற செயலிகளைத் தடு" என்று தனி அமைப்பே உண்டு. 2020 மே வெளியீட்டில் வந்தது. அது இயங்குகிறதா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

சொற்பித்தன் | சனி, இரவு 10:16

வைரஸ் இல்லை என்று திருத்தியது சரி. ஆனால் ஆட்வேர், ஆன்டிவைரஸ் என்று ஏன் எழுத வேண்டும்? விளம்பரநிரல், நச்சுநிரல்தடுப்பி என்று அழகாகச் சொல்லலாமே.

பழையஃப்ளாப்பி | சனி, இரவு 10:21

நச்சுநிரல் என்பது வைரஸா, கெடுதல் செய்யும் எல்லா நிரல்களையும் குறிக்கும் மால்வேரா? ஒருவர் இதற்குச் சொல்கிறார், இன்னொருவர் அதற்குச் சொல்கிறார். வைரஸுக்கும் ஆட்வேருக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டையும் குழப்பும் சொல் எதற்கு?

சொற்பித்தன் | சனி, இரவு 10:29

மால்வேருக்குத் தீநிரல் இருக்கிறது. வைரஸுக்கு நச்சுநிரல். புழங்கப் புழங்கத்தான் சொல் நிலைக்கும். என் குரோம் முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷனை "நீட்டிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை.

டக்டக் | சனி, இரவு 10:31

அவருக்குத் திங்கக்கிழமை ரிப்போர்ட் இருக்கு. நீங்க பட்டிமன்றம் நடத்துங்க.

ராக்கோழி | சனி, இரவு 10:50

யாருமே பயாஸை (கம்ப்யூட்டர் ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடியே ஓடறது) பத்திப் பேசல? ஹார்ட்டிஸ்க்கையே மாத்தினாலும் போகாத ரகம் உண்டு. 2018-ல ஈசெட்ங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி ஆளுங்க லோஜாக்ஸ்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. மதர்போர்டுல இருக்கற யூஇஎஃப்ஐ (புது ரக பயாஸ்) சிப்புலயே போய் உக்காந்துக்கும். பயாஸை ஃபிளாஷ் பண்றதுதான், அதாவது அழிச்சுப் புதுசா எழுதறதுதான் வழி.

நிலாமுற்றம் | சனி, இரவு 10:58

ராக்கோழி, சிப்புக்குள்ள போற அளவுக்குத் திறமை இருக்கறவன் உங்க தேடல் பக்கத்தை மாத்தி விளம்பரம் காட்டிட்டு இருக்க மாட்டான். தெரியாத்தனமா பயாஸை ஃபிளாஷ் பண்ணி, நடுவுல கரண்ட் போனா போர்டே போச்சு. கடைசிபெஞ்ச், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க.

மூன்றாம்சுழி, உங்க சந்தேகத்தைச் சோதிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ரவுட்டர்தான் காரணம்னா அதே வைஃபைல இருக்கற போன்லயும் தேடல் தாவணும். கடைசிபெஞ்ச், போன்ல எப்படி இருக்கு?

இன்னொண்ணு. முதல் பதிவுல "ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுச்சு"ன்னு போட்டிருக்கீங்க. அந்த ரெண்டு நாளும் சுத்தமா இருந்துச்சா? மூணாவது நாள் என்ன பண்ணீங்க? எனக்கு அங்கதான் இடிக்குது.

பழையஃப்ளாப்பி | சனி, இரவு 11:10

அவர் பதில் சொல்லப்போவதில்லை. கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். ஆட்வேர் என்பது தொல்லை, ஆபத்து அல்ல. அதற்குப் போய் பயாஸ், எஃப்பிஐ!

திண்ணைக்காற்று | சனி, இரவு 11:26

தொல்லை மட்டும்தான்னு சொல்லாதீங்க சார். 2015 பிப்ரவரில வெளிய வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தை மறந்துட்டீங்களா? லெனோவா அதைப் புது லேப்டாப்லயே போட்டு வித்தாங்க. நெட்ல நீங்க பார்க்கற பொருளோட படத்தை வச்சு விளம்பரம் காட்டுற சாமான்தான். ஆனா எச்டிடிபிஎஸ் (பூட்டு படம் போட்ட, பாதுகாப்பான) பக்கத்துக்குள்ள விளம்பரத்தைச் செருகறதுக்காகத் தன்னோட ரூட் சர்டிஃபிகேட்டையே (எந்தப் பக்கம் நிஜம்னு விண்டோஸ் நம்பறதுக்கான அத்தாட்சி) விண்டோஸுக்குள்ள ஏத்திடுச்சு. எல்லா லேப்டாப்லயும் ஒரே சாவி. அந்தச் சாவியை ஒருத்தர் உடைச்சு எடுத்ததும், பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கறவன் உங்க பேங்க் பக்கத்துக்குப் போலி போடலாம்ங்கற நிலைமை. பூட்டு படம் பச்சையா எரிஞ்சுட்டே இருக்கும். இது தொல்லையா, ஆபத்தா?

பழையஃப்ளாப்பி | சனி, இரவு 11:34

அது தயாரிப்பாளரின் தவறு. ஆட்வேரின் இலக்கணம் அதனால் மாறிவிடாது.

திண்ணைக்காற்று | சனி, இரவு 11:36

இலக்கணத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க.

மூன்றாம்சுழி | சனி, இரவு 11:52

போன்ல வரலைன்னா கூட ரவுட்டர் இல்லைன்னு சொல்லிட முடியாது. போன்ல டிஎன்எஸ் தனியா செட் பண்ணியிருக்கலாம்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 7:40

மன்னிக்கணும், நேத்து கடுப்புல ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டேன். போன்ல ஒண்ணும் இல்லை, டிஎன்எஸ்னா என்னன்னே தெரியாது, எதையும் செட் பண்ணல. விண்டோஸ் 11, குரோம். பென்டிரைவ்ல இருந்து புதுசா போட்டேன், பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சுட்டுதான். ரெண்டு நாள் பளிங்கு மாதிரி இருந்துச்சு. மூணாவது நாள் எதையும் இன்ஸ்டால் பண்ணவே இல்லை. பழைய பாஸ்வேர்டெல்லாம் வேணும்னு குரோம்ல லாகின் மட்டும் பண்ணேன்.

நிலாமுற்றம் | ஞாயிறு, காலை 7:52

அதான்! இதை முதல் வரிலயே சொல்லியிருந்தா ராத்திரி எல்லாரும் தூங்கியிருப்போம்.

குரோம்ல லாகின் பண்ணி ஒத்திசைவு (சிங்க்) ஆன் பண்ணினா பாஸ்வேர்டு, புக்மார்க் மட்டும் வராது. பழைய எக்ஸ்டென்ஷன்களும் தானா இறங்கிடும். நீங்க ஹார்ட்டிஸ்க்கைத்தான் அழிச்சீங்க. எக்ஸ்டென்ஷன் உங்க கூகுள் கணக்குல பத்திரமா இருந்துச்சு. டக்டக் சொன்ன மாதிரி லினக்ஸ் போட்டிருந்தாலும் அதே குரோம், அதே லாகின், அதே கதைதான்.

உறுதிப்படுத்திக்க ஒண்ணு செய்ங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து எதையாவது தேடுங்க. நாமளா அனுமதிக்காத வரைக்கும் அங்க எக்ஸ்டென்ஷன் ஓடாது. அங்க தாவலைன்னா குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான்.

டக்டக் | ஞாயிறு, காலை 7:55

ஃபயர்ஃபாக்ஸ்னு சொல்ல வந்தேன்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 8:03

இன்காக்னிட்டோல தாவல!! ஆனா எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்ல தப்பா எதுவும் தெரியலையே. ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர், ஒரு டார்க் மோடு, ஒரு விளம்பரத் தடுப்பான். பிடிஎஃப் ரொம்ப நாளா இருக்கு, நல்லாத்தான் வேலை செய்யுது.

நிலாமுற்றம் | ஞாயிறு, காலை 8:15

நல்லா வேலை செய்யறதுதான் தூண்டில்ல இருக்கற புழு. நல்ல பேரோட ஓடிட்டு இருக்கற எக்ஸ்டென்ஷனை விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்ல விளம்பரத்தைச் செருகிவிடறவங்களும் உண்டு. மூணையும் ஆஃப் பண்ணுங்க, ஒவ்வொண்ணா ஆன் பண்ணித் தேடிப் பாருங்க. எதை ஆன் பண்ணும்போது தாவுதோ அதைத் தூக்குங்க. "ரிமூவ்" பட்டன் மங்கலா இருந்தாலோ, மெனு அடியில "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு இருந்தாலோ நிறுத்திட்டு இங்க சொல்லுங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல அப்படி வந்தா ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட அமைப்பெல்லாம் இருக்கற இடம்) பாலிசி போட்டு எக்ஸ்டென்ஷனை அடிச்சு வச்சிருக்கான்னு சந்தேகப்படணும். அது வேற வைத்தியம்.

தூக்கினப்புறம் செட்டிங்ஸ்ல தேடல் எஞ்சின் எதுன்னு பாருங்க. அதையும் மாத்தியிருக்கும். சரியா வரலைன்னா அதே செட்டிங்ஸ்ல கடைசில "ரீசெட்" இருக்கு. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது, பயப்படாதீங்க.

மூலைல வர்ற சிவப்புப் பெட்டி தனிக் கணக்கு. அது நிரலே இல்லை, வெறும் நோட்டிஃபிகேஷன். அந்தப் போலி தேடல் பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி பொத்தானை அழுத்தவும்"னு கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருக்கீங்க. சைட் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் திறந்து, அனுமதிச்ச பட்டியல்ல தெரியாத பேர் எல்லாத்தையும் நீக்குங்க. குரோமை மூடியிருந்தாலும் வருதுன்னா, சிஸ்டம் பகுதில "குரோம் மூடிய பிறகும் பின்னணியில் இயங்கு"ங்கறதை ஆஃப் பண்ணுங்க.

சொற்பித்தன் | ஞாயிறு, காலை 8:40

அந்த நீட்டிப்பின் "விவரங்கள்" பக்கத்தைத் திறந்து அனுமதிகளைப் பாருங்கள். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் உரிமை வாங்கியிருக்கும். பிடிஎஃப் மாற்றுவதற்கு உங்கள் தேடலை ஏன் படிக்க வேண்டும்? தமிழில் படித்திருந்தால் அன்றே உறைத்திருக்கும். சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள் கவனிக்க.

பழையஃப்ளாப்பி | ஞாயிறு, காலை 9:02

அனுமதி கொடுத்துத்தான் உள்ளே வந்தது என்று நேற்று இரவே எழுதினேன். மீண்டும் படிக்கவும். விளம்பரத் தடுப்பானுக்கும் இதே அனுமதி தேவைப்படும் என்பதால், அனுமதியை மட்டும் வைத்து யாரையும் தூக்கிலிடவும் வேண்டாம்.

அம்மாஞ்சி | ஞாயிறு, காலை 9:10

கார்டு பத்திக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

மூன்றாம்சுழி | ஞாயிறு, காலை 11:30

எதுக்கும் ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. சொல்றது என் கடமை.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 8:47

பிடிஎஃப்தான். தூக்கிட்டேன், தேடல் சரியாயிடுச்சு. நோட்டிஃபிகேஷன் பட்டியல்ல 14 பேர் இருந்தாங்க, எல்லாரையும் அனுப்பியாச்சு. ரிப்போர்ட் எழுதிட்டு இருக்கேன். எல்லாருக்கும் நன்றி, நிலாமுற்றத்துக்கு ரொம்ப நன்றி.

கார்டு விஷயம். அப்பாகிட்ட கேட்டேன். "ஆன்டிவைரஸ் முடிஞ்சுபோச்சுன்னு வந்துச்சு, நீ பிஸியா இருந்தே"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

அம்மாஞ்சி | ஞாயிறு, இரவு 8:51

ரிப்போர்ட்டை அப்படியே வச்சுட்டு இப்பவே பேங்குக்கு போன் போடுங்க. காலை வரைக்கும் வேண்டாம். போன பணத்தை மட்டும் கேட்டா பத்தாது, கார்டையே முடக்கிப் புது நம்பர் வாங்கணும். இந்த மாதிரி ஆளுங்க ஆட்டோ ரினியூவலும் சேர்த்தே போட்டு வச்சிருப்பாங்க. அப்பா போன்ல ரிமோட்ல பார்க்கற ஆப் ஏதாவது போடச் சொன்னாங்களான்னும் கேளுங்க. மெதுவா கேளுங்க.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 8:53

லைன்ல இருக்கேன்.