பொருட்கூறு அட்டவணையில் 'ஆறு' இடறுகிறது: பாலாற்றை எங்கே வைப்பது?

கேள்வி: முதுகலைத் தமிழ் மாணவர், குடியாத்தம்

ஐயா, அம்மா, வணக்கம். சொற்பொருளை ஆராயும் பொருண்மையியல் தாளுக்காக நீர்நிலைப் பெயர்களின் பொருளைச் சிறுசிறு பொருட்கூறுகளாகப் பிரித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். 1963இல் அறிஞர்கள் கேட்சும் ஃபோடரும் முன்வைத்த பகுப்பைப் பின்பற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தக் கூறு உண்டு, எது இல்லை என்று அட்டவணையில் குறித்தேன். ஏரி, கால்வாய், அகழி ஆகிய மூன்றும் ஒழுங்காக அமைந்தன. 'ஆறு' என்பதற்கு 'இயற்கையானது', 'நீண்டு செல்வது', 'நீர் ஓடுவது' என எழுதியதும் சிக்கல் வந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றையும் நாம் ஆறு என்றே சொல்கிறோம். மூன்றாவதை நீக்கினால் ஆற்றுக்கும் வெறும் பள்ளத்துக்கும் வேறுபாடு இராது. வைத்துக்கொண்டால் பாலாறு ஆறாகாது. சொல் எதைச் சுட்டுகிறதோ அதுவே அதன் பொருள் என்று முடித்துவிடலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆர்க்காடு

தம்பி, அந்த முடிவுக்குப் போக வேண்டாம். 'வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர்' என்ற தொடர் 1911 வரை சித்தூரைச் சுட்டியது. அதன்பின் வேலூரைச் சுட்டியது. சுட்டப்பட்ட ஊர் மாறியதே தவிர, தொடரின் பொருள் மாறவில்லை. சுட்டு வேறு, பொருள் வேறு என்று 1892இல் மெய்யியலாளர் ஃப்ரெகே பிரித்துக் காட்டியதை உங்கள் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மறுமொழி: மொழியியல் ஆய்வாளர், காட்பாடி

ஐயா கூறியது சரி. அட்டவணையைக் கைவிட வேண்டியதில்லை. எல்லாக் கூறுகளையும் ஒரே வலிமையுடன் எழுதியதுதான் இடர்ப்பாட்டுக்குக் காரணம். மொழியியலாளர் குரூஸ் கையாண்ட 'ஆனால்' சோதனையைச் செய்து பாருங்கள். 'இது ஆறு, ஆனால் தண்ணீர் ஓடவில்லை' என்பது இயல்பான வாக்கியம். 'இது கால்வாய், ஆனால் யாரும் வெட்டியதில்லை' என்பதோ காதுக்கு முரணாக ஒலிக்கிறது. ஆகவே, வெட்டப்பட்டிருத்தல் கால்வாய்க்குக் கட்டாயக் கூறு. நீர் ஓடுதல் ஆற்றுக்கு எதிர்பார்க்கப்படும் கூறு மட்டுமே. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியபோது 'ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது' என்று பேசினோமே தவிர, 'பாலாறு ஆறாகிவிட்டது' என்று எவரும் பேசவில்லை. கட்டாயக் கூறாக 'நீரோட்டத்தால் உண்டான தடம்' என்று எழுதினால் வெறும் பள்ளம் தானாகவே விலகிவிடும்.

1970களில் உளவியலாளர் எலினோர் ராஷ் நடத்திய ஆய்வுகளையும் படியுங்கள். ஒரு வகையின் உறுப்புகள் அனைத்தும் சமமாக நிற்பதில்லை என்பதை அவை காட்டின. பெங்குவின் பறவைதான், ஆனால் பறவை என்றதும் முதலில் மனத்தில் எழுவது அதுவன்று. பாலாறும் அவ்வாறே ஓரத்தில் நிற்கும் ஆறு.

கேட்டவர்

மிக்க நன்றி, அம்மா. 'இது அகழி, ஆனால் தண்ணீர் இல்லை' என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் இயல்பாகவே இருக்கிறது. எனவே அகழிக்கும் நீரை எதிர்பார்ப்புக் கூறாக மாற்றிவிட்டேன். ஓடைக்கும் ஆற்றுக்கும் இடையே எந்தக் கூறு எல்லை வகுக்கும்?

மறுமொழி: மொழியியல் ஆய்வாளர், காட்பாடி

அங்கே கூறு எதையும் வலிந்து புகுத்தாதீர்கள். இரண்டுக்கும் அளவில்தான் வேறுபாடு. இடையில் கூர்மையான கோடு இல்லை. 1973இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் கோப்பைக்கும் கிண்ணத்துக்கும் இடைப்பட்ட வடிவங்களை வரைந்து காட்டிப் பெயர் கேட்டபோது, வாய் அகல அகலக் 'கோப்பை' என்ற விடை படிப்படியாகவே குறைந்தது. அதே முறையில் உங்கள் ஊர் நீர்வழிகளின் படங்களைப் பலரிடம் காட்டிப் பெயர் கேளுங்கள். அந்த விடைகளையே அட்டவணையின் கடைசி நிரலில் பதிவு செய்யுங்கள்.