கோன்யாக்கும் சுருட்டும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லாசப்பல்_ரவி:
பிரான்ஸில் கோன்யாக் பிராந்தி காய்ச்சும் செகோன்சாக் ஊர்ப் பக்கம் ஒரு குடும்பம். சொந்தத் தோட்டம், சொந்தச் செம்புக் கொதிகலன். மார்ச் 31-க்குள் காய்ச்சி முடிக்க வேண்டும் என்பதால் ராத்திரியிலும் அடுப்பு அணையவில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை இன்னும் விடாதது வேறு.

பீப்பாய் அறைக்குப் பின்னால் பூட்டிய மூலை, மிகப் பழைய சரக்கை வைக்கும் இடம், 'பராடி' என்பார்களே, அது. பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றைத் திறந்து, பெரியவர் ஒரு விரல் அளவுக்கு ஊற்றினார். அவருடைய தாத்தா காய்ச்சியதாம். முதலில் வால்நட் எண்ணெய், அப்புறம் மழைக்குப் பிறகு வரும் காளான் வாசம். கிளாஸோடு முற்றத்துக்கு வந்து சுருட்டை எடுத்தேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, 'பாதி குடித்துவிட்டுப் பற்றவையுங்கள்' என்றார். அப்படியே செய்தேன். ஆனால் முதல் இழுப்பிலேயே அந்தக் காளான் வாசம் போய்விட்டது, இனிப்பு மட்டும்தான் மிச்சம். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கரும்புகை:
ரவி அண்ணா, என்ன சுருட்டு என்றே சொல்லவில்லையே! ஜார்னாக் ஊரில் நான் குடித்தது எக்ஸ்ஓ, அதாவது பல வருடம் பீப்பாயில் முதிர்ந்த கோன்யாக், கூடவே வெளிர் மேலிலை சுற்றிய டொமினிகன் சுருட்டு. வெனிலாவும் தேவதாரு வாசமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. சேராது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பலூன் மாதிரி பெரிய கிளாஸ் வேண்டாம், ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும். வாய் குறுகிய துலிப் கிளாஸ் போதும். மெழுகுவர்த்தியில் சூடுகாட்டவே கூடாது, உள்ளங்கைச் சூடே தாராளம். புட்டியை நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். பழைய எக்ஸ்ஓ வாங்கினால் எந்த வருடம் அடைத்தது என்று கேளுங்கள். 2018-க்கு முன் 6 வருடம் பீப்பாயில் இருந்தாலே எக்ஸ்ஓ. இப்போது குறைந்தது 10 வருடம். இளசு என்றால் சுருட்டின் முன் நிற்காது.

தூலூஸ்_மணி:
வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி, கரும்புகை? பீப்பாய் எங்கே கிடந்தது என்பதும் முக்கியம். ஈரமான மண்தரை அறையில் தண்ணீரைவிட ஆல்கஹால்தான் அதிகம் பறக்கும், சரக்கு மென்மையாகும். காய்ந்த அறையில் நேர்மாறு, காரம் தங்கும். ரவி குடித்தது கண்ணாடிக்கு மாற்றியது. அதற்கு மேல் அது முதிராது. அவ்வளவு நுட்பமான வாசத்தின் மேல் எந்தப் புகையும் வேண்டாம் என்பதே என் கட்சி.

சுருட்டுக்கு பிரான்ஸின் இன்னொரு பிராந்தியான அர்மன்யாக்தான். பெரும்பாலும் ஒரே தடவைதான் காய்ச்சுகிறார்கள், முரட்டுத்தனம் கொஞ்சம் மிஞ்சும், புகைக்கு ஈடுகொடுக்கும். அது தயாராகும் பா-அர்மன்யாக் பகுதியில் ஒரு பண்ணைக்காரர் பீப்பாயிலிருந்து இரண்டு சொட்டு என் உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். ஆல்கஹால் பறந்ததும் கையெல்லாம் உலர்ந்த பிளம்ஸ் வாசம். அப்புறம்தான் இருவரும் சுருட்டு பிடித்தோம்.

லாசப்பல்_ரவி:
கரும்புகை, நான் பிடித்தது நிகராகுவா சுருட்டு, கறுத்த மேலிலை. மணி, நீங்கள் இருவரும் பற்றவைத்தபோது கிளாஸில் பிராந்தி இருந்ததா, குடித்து முடித்திருந்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.