மேரி ஆற்று ஆமைக் கண்காணிப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேரி ஆற்றை ஒட்டி எங்கள் நிலம். வேலி போட்டு மாடுகளைத் தடுத்து, மரங்கள் நட்டு, கரை ஓரளவு தேறிவிட்டது. இனி மேரி ஆற்று ஆமையும் இதே ஆற்றின் காட் (cod) மீனும் இருக்கின்றனவா என்று கண்காணிக்க வேண்டும். இந்த ஆமை பின்துவாரம் வழியாகவும் மூச்சு விடும், நெடுநேரம் மேலே வராது. கரையில் உட்கார்ந்து எண்ணினால் வேலைக்காகாது. வலை வைத்துப் பிடிக்க அனுமதி வேண்டும், சரியாக வைக்காவிட்டால் ஆமை மூழ்கிச் செத்துவிடும்.

அதனால் ஆற்றுத் தண்ணீரை எடுத்து வடிகட்டி, அதில் இவை விட்ட டிஎன்ஏ (மரபணுத் தடயம்) இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று யோசனை. செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கலங்கல் நீரில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

அப்புறம், அக்டோபர் வாக்கில் முட்டையிடத் தொடங்கிவிடும். நரி தோண்டாமல், குஞ்சும் வெளியே வர, கூட்டின் மேல் எந்த அளவு கம்பி வலை போடலாம்? கூடு இருக்கும் இடத்தை மட்டும் இங்கே எழுத மாட்டேன். 1960, 70களில் முட்டைகளை அள்ளிக் குஞ்சு பொரித்து, வளர்ப்புப் பிராணியாகக் கடைகளில் விற்ற ஊர் இது.