வீடியோ காலில் மட்டும் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்கிறது, மவுஸும் தள்ளாடுகிறது. உதவுங்கள்

காங்கயத்துப் பெண்:
வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. வாரத்தில் சில நாள் காங்கயம் பக்கம் எங்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் ஜெர்மனி பையரோடு வீடியோ கால் இருக்கும். அந்த நேரம் பார்த்து புளூடூத் ஹெட்போன் கரகரவென்று விட்டு விட்டுக் கேட்கிறது. என் குரலும் அங்கே துண்டு துண்டாகத்தான் போகிறதாம். துணி எடை "ஒன் எய்ட்டி ஜிஎஸ்எம்" (சதுர மீட்டருக்கு 180 கிராம்) என்று சொன்னால் முன்பாதி காணாமல் போய் "எய்ட்டி" மட்டும் போய்ச் சேர்கிறது. எண்பது ஜிஎஸ்எம்மில் டி-ஷர்ட் தைத்தால் அது கொசுவலைதான்.

இதே ஹெட்போனில் பாட்டு கேட்டால் ஒரு குறையும் இல்லை. கால் நேரத்தில் வயர்லெஸ் மவுஸும் நின்று நின்று நகர்கிறது. ஹெட்போன் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பார்த்தாயிற்று, வேறு ஆப்பிலும் பேசிப் பார்த்தாயிற்று. நெட் வேகம் நன்றாகவே காட்டுகிறது. புது ஹெட்போன் வாங்குவதா, நெட்டை மாற்றுவதா?

பல்லடத்தான்:
பக்கத்தில் தறி ஓடுகிறதா அம்மணி? எங்கள் குடோனில் தறி போட்டால் பழைய ரேடியோவில் இரைச்சல் வரும்.

காங்கயத்துப் பெண்:
இல்லைங்கண்ணா. சுற்றிலும் தென்னந்தோப்பு. மோட்டார் ரூம்கூடத் தள்ளித்தான் இருக்கிறது.

ஈரோடு சர்வீஸ்:
தறியை விட்டுவிடலாம். ரேடியோவில் கேட்பது வேறு அலைவரிசை. புளூடூத், மவுஸ் ரிசீவர், பழைய வைஃபை மூன்றும் இருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்.

புது ஹெட்போனும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் நெட்டா, ரேடியோவா என்று பிரித்துவிடுங்கள். ஹெட்போன் மைக்கைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். இதற்கு நெட்டே தேவையில்லை. அதிலும் குரல் உடைந்தால் நெட்டின் மேல் பழி போட முடியாது.

இன்னொரு கேள்வி. கால் நேரத்தில் மட்டும் லேப்டாப்பில் எதையாவது செருகுகிறீர்களா?

காங்கயத்துப் பெண்:
சும்மா பதிவு செய்தபோது தெளிவாக இருந்தது. ஆனால் கால் நேரத்தில் ஹார்ட் டிஸ்க் செருகுவேன். ஆர்ட்வொர்க், டெக் பேக் (அளவும் தையல் விவரமும் உள்ள ஃபைல்) எல்லாம் அதில்தான், ஸ்கிரீன் ஷேரில் காட்ட வேண்டுமே. நீங்கள் கேட்ட பிறகு டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டுக்கொண்டே பதிவு செய்தேன். அதே கரகர! மவுஸ் ரிசீவரும் டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி ஹப்பில், அடுத்தடுத்த ஓட்டையில் இருக்கின்றன. ஹப் ஸ்கிரீனுக்குப் பின்னால் கிடக்கிறது.

ஈரோடு சர்வீஸ்:
அப்போ ஆள் கிடைத்துவிட்டான். போர்ட்டுக்குள் நாக்கு நீல நிறமாக இருந்தால் அநேகமாக அது யூஎஸ்பி 3.0. அதில் தகவல் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும். அந்த ஓட்டத்தில் கிளம்பும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் முழுவதும் பரவும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஒரு அறிக்கையாக வெளியிட்டது. மலிவான ஹப், மெல்லிய கேபிள் என்றால் கவசம் சரியாக இருக்காது, கசிவு அதிகம். உங்கள் ஹப் ஸ்கிரீனுக்குப் பின்னால் வேறு கிடக்கிறது. நிறைய லேப்டாப்பில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஆன்டெனா ஸ்கிரீன் ஓரத்தில்தான் இருக்கும். இரைச்சலை அதன் முதுகிலேயே கட்டிவிட்ட கணக்கு.

பாட்டு ஏன் ஒழுங்காகக் கேட்கிறது என்றால், முதல் காரணம் அப்போது டிஸ்க் இல்லை. அது இருந்தாலும் பாட்டு கொஞ்சம் தாங்கும். முன்கூட்டியே சிறிது சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஹெட்போன் பாடும். நடுவில் ஒரு துண்டு விழுந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள நேரம் உண்டு. பேச்சுக்கு அந்த அவகாசம் இல்லை. ஓரிரு முறைக்குள் வராத துண்டு போனது போனதுதான். உங்கள் "ஒன்" அப்படித்தான் போயிருக்கிறது. மைக்கைத் திறந்ததும் ஹெட்போன் பாட்டு முறையிலிருந்து போன் முறைக்கு மாறி, ஒலித்தரமும் இறங்கும். அது தனிக்கதை, பழுது இல்லை.

கோபி மாமா:
நடுவில் ஒரு சந்தேகம். புளூடூத் இரைச்சல் இல்லாத இடமாகப் பார்த்துத் தாவித் தாவிப் போகும் என்பார்களே?

ஈரோடு சர்வீஸ்:
தாவும் மாமா. மொத்தம் 79 சிறு வழிகள், நொடிக்கு 1600 தாவல். பக்கத்து வீட்டு வைஃபை ஒரு 20 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொண்டால் அதை ஒதுக்கிவிட்டு மீதியில் ஓடும். யூஎஸ்பி இரைச்சல் மொத்தப் பட்டையிலும் பரவிக் கிடப்பதால் ஒதுங்க இடமில்லை. மவுஸ் ரிசீவருக்கும் அதே கதிதான்.

அம்மணி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை அதில் செருகி மவுஸ் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஹப்பை ஸ்கிரீனை விட்டு மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள். டிஸ்க்கில் இருப்பது அகலமான மைக்ரோ-பி ஓட்டை என்றால், பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் கேபிள் அதன் ஒரு பாதியில் சரியாக உட்காரும். டேட்டா போகும் கேபிளாக மட்டும் இருக்க வேண்டும். அதில் போட்டால் டிஸ்க் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும், அந்த இரைச்சலும் போய்விடும். ஆர்ட்வொர்க் திறந்து காட்ட அந்த வேகம் தாராளம். காலுக்கு முன்பே ஃபைலை லேப்டாப்பில் காப்பி செய்துகொண்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

அவசரத்துக்கு இன்னொரு வழி: காலில் மைக்குக்கு லேப்டாப் மைக், கேட்பதற்கு மட்டும் ஹெட்போன் என்று மாற்றிவிடுங்கள். ஹெட்போன் பாட்டு முறையிலேயே நின்றுவிடும். ஃபேன் சத்தம் கொஞ்சம் போகும், பையர் பொறுத்துக்கொள்வார்.

காங்கயத்துப் பெண்:
ரொம்ப நன்றிங்கண்ணா. கேபிள் வந்ததும் மவுஸ் உடனே சரியாகிவிட்டது. டிஸ்க்குக்கு அப்பாவின் பழைய போன் கேபிள் போட்டேன், கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது. வீடியோவைத் திறந்தால் மட்டும் எப்போதாவது ஒரு வெட்டு விழுகிறது. வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், எங்களுடையது தொட்டிக்கட்டு வீடு. ரூட்டர் முன்பக்க ஆசாரத்தில், நான் இருப்பது பின்கட்டு. அந்த மண்சுவரைத் தாண்டி 5 வருவதே இல்லை.

ஈரோடு சர்வீஸ்:
அந்தச் சுவருக்கு 5 தாங்காது. 2.4-லேயே இருந்தால் வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில் முறை போட்டுத்தான் பேசும், வீடியோ ஏறினால் ஹெட்போன் முறைக்குக் காத்திருக்கும். ரூட்டரிலிருந்து லேன் வயர் ஒன்று இழுத்துவிடுங்கள். வயர் போட்டதும் லேப்டாப்பில் வைஃபையை அணைக்க மறக்காதீர்கள்.

காங்கயத்துப் பெண்:
சுவரில் துளை போட ஐயன் விடமாட்டார். ஓட்டு வரிச்சலோடு ஒட்டி இழுத்துத் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

கோபி மாமா:
என் லேப்டாப்பில் லேன் ஓட்டையே இல்லை. யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் விற்கிறதே, அதுவும் இந்த வேலையைக் காட்டுமா?

ஈரோடு சர்வீஸ்:
3.0 என்றால் காட்டலாம். குட்டையாக லேப்டாப்போடு ஒட்டி நிற்பதை வாங்காமல், கேபிள் வால் நீளமானதாகப் பார்த்து வாங்கி மவுஸ் ரிசீவருக்கு எதிர்ப்பக்கம் செருகுங்கள் மாமா. வீடியோ காலுக்கு மட்டும்தான் என்றால் யூஎஸ்பி 2.0, 100 மெகாபிட் அடாப்டரே போதும், விலையும் குறைவு.