பம்பை நிறுத்தினால் சம்ப் வழிகிறது, எங்கே தப்பு?

அலைமேடு:
மேலே இருக்கும் கடல்நீர்த் தொட்டி 120 × 45 × 45 செ.மீ. கீழே வைக்க, சும்மா கிடந்த 75 × 35 × 40 தொட்டியைச் சம்பாக, அதாவது மேல்தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து சுத்தமாகித் திரும்பும் கீழ்த்தொட்டியாக, மாற்றினேன். கண்ணாடித் தடுப்புகளை நானே வெட்டி, பூஞ்சை மருந்து கலக்காத சிலிக்கானால் ஒட்டி, புளிப்பு வாடை போகும்வரை ஒரு வாரம் காயவிட்டேன். முதல் அறையில் ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிப்பது), நடுவில் ரெஃப்யூஜியம் (கழிவை உறிஞ்சும் பாசி வளர்க்கும் அறை), கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப். நல்லவேளை, உப்பு கலக்காமல் வெறும் தண்ணீரில்தான் ஓட்டிப் பார்த்தேன். ஓடும்போது சம்பில் சுமார் 25 செ.மீ. தண்ணீர். பிளக்கைப் பிடுங்கியதும் நிரம்பி வழிந்து, வீட்டிலிருந்த துண்டெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து கீழே வரும் ஓவர்ஃப்ளோ விளிம்பு வரைதானே தண்ணீர் இறங்க வேண்டும்? தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வ் போட்டால் சரியாகுமா? போதாக்குறைக்கு மேல்தொட்டியில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் வேறு.

உப்புக்கல்:
ரிட்டர்ன் குழாயின் வாய் மேல்தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

அலைமேடு:
10 செ.மீ. சலசலப்புச் சத்தம் வேண்டாமே என்று இறக்கி வைத்தேன்.

உப்புக்கல்:
அதுதான் விஷயம். பம்ப் நின்றதும் அந்தக் குழாயே சைஃபனாகிவிடும். வாய் வெளியே தெரியும்வரை மேலே இருப்பதை இழுத்துக் கீழே கொட்டும். 120 × 45 × 10 என்றால் 54 லிட்டர். அது 75 × 35 பரப்பில் வந்து நின்றால் 20 செ.மீ.க்கு மேல் ஏறும். ஏற்கெனவே 25 இருக்கிறது, சம்பின் உயரமோ 40. வழியாமல் என்ன செய்யும்? வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு ஏற்றுங்கள். இறங்குவது 11 லிட்டர்தான், சம்பில் 4 செ.மீ. கூடும். குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது கொஞ்சம் சேர்ந்தாலும் இடம் இருக்கும்.

செக் வால்வை நம்பி நான் பட்டது போதும். ஒரு வருடம் ஒழுங்காக மூடியது. அப்புறம் உள்ளே சுண்ணாம்புப் பாசி படிந்து, நூலளவு இடைவெளி விட்டுவிட்டது. ராத்திரி கரண்ட் போனது. காலையில் பார்த்தால் அடிப்பலகை ஊறி அப்பம் மாதிரி உப்பியிருந்தது.

நத்தைக்கூடு:
குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளையும் போடலாம். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஆனால் அடிக்கடி பல்குச்சி விட்டுக் குத்த வேண்டும். என் துளையில் ஒருமுறை நத்தை குடியேறியிருந்தது. பெயர்ப் பொருத்தம்!

குமிழுக்கு: கடைசி அறைக்கு முன்னால் மூன்று தடுப்பு, 2.5 செ.மீ. இடைவெளியில், நடுத்தடுப்பை அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கி ஒட்டியிருக்கிறீர்களா?

அலைமேடு:
இருக்கிறது. ஆனாலும் குமிழ் வருகிறது. கடைசி அறை 20 செ.மீ. அகலம்.

உப்புக்கல்:
அப்படியானால் அங்கே மட்டம் குறைந்திருக்கும். ஆவியாவது முழுக்கக் கடைசி அறையில்தான் தெரியும், மற்ற அறைகளைத் தடுப்பு பிடித்து வைத்திருக்கும். 20 × 35 அறையில் 3 லிட்டர் போனாலே 4 செ.மீ. இறங்கிவிடும். கடைசித் தடுப்பிலிருந்து தண்ணீர் அருவியாக விழுந்து குமிழ் கிளப்பும். நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுங்கள், உப்புத் தண்ணீர் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே.

அதற்காக அறையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் அந்த அறையை முழுக்க மேலே ஏற்றிவிடும். இப்போது அதில் 15 லிட்டர் இருந்தால், மேல்தொட்டியில் 3 செ.மீ. விளிம்பு வெறுமையாக இருந்தால் போதும்.

நத்தைக்கூடு:
ரெஃப்யூஜியத்தில் என்ன வளர்க்கப் போகிறீர்கள்? காலெர்ப்பா என்ற கடற்பாசி என்றால் வேண்டாம், சில சமயம் ஒரே ராத்திரியில் இனப்பெருக்கச் செல்களை உதிர்த்துக் கரைந்து, தின்ற நைட்ரேட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

அலைமேடு:
நூல்நூலாக வளரும் கீட்டோமார்ஃபா பாசிதான். மேலே விளக்கு அணைந்த பிறகு கீழே எரியவிடுவேன், ராத்திரி பிஎச் அவ்வளவாக இறங்காதல்லவா.

குழாயை ஏற்றிவிட்டேன். மூன்று தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், 5 செ.மீ. ஏறி நின்றது. பம்ப் ஓடும்போதும் நிற்கும்போதும் மட்டம் எங்கே என்று கண்ணாடியில் மார்க்கரால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கடைசி அறையை நிரப்பியதும் குமிழும் அடங்கியது. துண்டுகள்தான் இன்னும் காயவில்லை.